குப்பைக்கும் ஓர் அஞ்சறைப் பெட்டி

தொல்லைகள் இருவகைப்படும்: பெருந்தொல்லை ஒன்று, சிறுதொல்லை மற்றொன்று. பெருந்தொல்லை நேர்ந்தால் உற்றார் உறவினர் ஓடிவருவர். ஊரார் ஆறுதல் கூறுவர். சிறுதொல்லைக்கு அந்தப் பெருமை கிடையாது. காலில் முள் குத்திவிட்டது என்றால், ‘பார்த்து நடக்கக் கூடாதா?’ என்று கேட்பார்களேயன்றி, இரக்கம் காட்டுவார் எவரும் இலர். ஆயினும் ஒரு மனிதனின் வாழ்நாளில் பெருந்தொல்லைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. சிறுதொல்லைகளோ நாள்தோறும் வந்து கதவைத் தட்டுகின்றன. அவற்றைப் பற்றிப் பேசுவதற்கு ஒருவர் வேண்டாமா? அந்தப் பணியை இன்று நான் மேற்கொள்கிறேன்.

நான் பல ஆண்டுகள் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். காவிரிக் கரையில் உள்ள ஒரு சிறு நகரத்தில் குடியிருப்பவன். ஊரின் பெயரைச் சொன்னால் எங்கள் தெருவார் நாளை முதல் என்னோடு பேசமாட்டார்கள். ஆகவே பெயர் வேண்டாம். ஒரு கோயில், ஒரு குளம், ஒரு கல்லூரி, ஒரு பேருந்து நிலையம், நான்கைந்து உணவு விடுதிகள் ஆகியவை உள்ள ஊர் எதுவாயினும், அதுவே எங்கள் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொழுது விடிகிறது. பால் பாக்கெட்டின் முனையைக் கத்தரித்து எறிந்த சிறு துண்டு ஈரக் காலில் ஒட்டிக்கொள்கிறது. அதை உதறிவிட்டுச் சமையலறைக் கதவின் பின்னே தொங்கும் பையில் கை விட்டால், பைக்குள் ஒரு பை, அதற்குள் மற்றொரு பை என்று அது முடிவில்லாமல் போகிறது. பேனா தேடி மேசையின் இழுப்பறையை இழுத்தால் அது வர மறுக்கிறது. உள்ளே மை தீர்ந்த பேனாக்கள், உயிர் போன மின்கலங்கள், எந்தக் கருவிக்கு உரியவை என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லாத மின்கம்பிகள்! பரணில் கம்பி முறிந்த குடை. கொல்லையில் அடி உடைந்த வாளி. மாடிப்படியின் கீழே, என்றாவது உதவும் என்று பத்து ஆண்டுகளாகக் காத்துக்கிடக்கும் அட்டைப் பெட்டிகள்.

இத்தொல்லைகளை எல்லாம் ஒருநாள் வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஒலிபெருக்கியும் கொசுவும் நீங்கலாக ஏனையவை பெரும்பாலும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. பயன் முடிந்துபோன பொருள், வீட்டைவிட்டு வெளியேற வழி தெரியாமல் நின்றுகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சிந்தித்துப் பார்த்தால் கொசுவையும் நீக்கிவிடுவதற்கில்லை. கொல்லையில் எறிந்த கொட்டாங்கச்சியிலும் உடைந்த வாளியிலும் தேங்கும் மழைநீரில்தான் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிடுகிறது. எஞ்சியது ஒலிபெருக்கி ஒன்றே. அதற்கு மருந்து என்னிடம் இல்லை.

ஒரு பொருளுக்கு வீட்டுக்குள் வரும் வழி இருந்தால், போகும் வழியும் இருக்க வேண்டும். நம் முன்னோர் இல்லங்களில் அந்த வழி ஒழுங்காக இருந்தது. உண்ட இலை மாட்டுக்குப் போயிற்று. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்க உதவிற்று. எஞ்சியது எருக்குழியைச் சேர்ந்தது. தேங்காயின் நார் கயிறாயிற்று, ஓடு அகப்பையாயிற்று. வேட்டி நைந்தால் துண்டு. துண்டு நைந்தால் அடுப்படியில் சட்டி இறக்கும் பிடிதுணி. அதுவும் நைந்தால் விளக்குத் திரி. பாட்டியின் பழம்புடவை பேரனுக்குத் தூளியாயிற்று. செய்தித்தாள் மளிகைக் கடையில் பொட்டலமாகி மறுபடியும் நம் வீட்டுக்கே வந்தது. பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூச ஒருவர் தெருவுக்கு வருவார். பாத்திரம் ஓட்டையாகிவிட்டால், கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் பழம்பித்தளையை எடைக்குப் போட்டுவிட்டுப் புதியது வாங்கி வருவார்கள். உருக்கிய பித்தளைக்கு முதுமை என்பது இல்லை. நேற்றைய அண்டா நாளைய குத்துவிளக்காக நடுக்கூடத்தில் நிற்கலாம். ‘பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்’ என்ற குரல் தெருவில் கேட்டதும் எங்கள் வயதுச் சிறுவர்கள் துருப்பிடித்த ஆணிக்காக வீட்டைத் தலைகீழாக்கியதுண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘வயலுக்குக் குப்பை அடிக்கிறார்கள்’ என்று நம் நாட்டுப்புறத்தில் சொல்வதுண்டு. வயலை அசுத்தப்படுத்துகிறார்கள் என்பது அதன் பொருளன்று. வண்டியில் எரு கொண்டுபோய் இறைக்கிறார்கள் என்பதே பொருள். எருவுக்கும் கழிவுக்கும் நம் மொழியில் ஒரே சொல் வழங்கிற்று. வீட்டில் கழிந்தது வயலுக்கு உணவாயிற்று. ஆகையால் சொல் இரண்டு தேவைப்படவில்லை.

இவ்வாறு கூறுவதால் பழங்காலம் முழுவதும் பொற்காலம் என்று நான் சாதிப்பதாக எண்ணிவிடாதீர்கள். அன்று திறந்த சாக்கடைகள் இருந்தன. வாந்திபேதி ஊரையே வாரிக்கொண்டு போனதும் உண்டு. எல்லாவற்றிலும் கொடியது, மனிதர் கழிவை மனிதரே கையால் அள்ளித் தலையில் சுமந்த இழிநிலை. அதைத் தடுக்க 1993ஆம் ஆண்டு ஒரு சட்டமும், 2013ஆம் ஆண்டு அதனினும் கடுமையான ஒரு சட்டமும் இயற்ற வேண்டியிருந்தது. நாம் தூக்கி எறிவதை யாரோ ஒருவர் கையால் தொடுகிறார் என்பதை மறந்துவிடும் பழக்கம் நமக்குப் புதிதன்று. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதற்கே வருவேன்.

பிறகு என்ன மாறிற்று? இரண்டு மாற்றங்கள். முதலாவது, பொருள்களின் இயல்பு மாறிற்று. மண்ணுக்குச் செல்லும் பொருளும் உலைக்குச் செல்லும் பொருளும் இருந்த வீட்டில், இரண்டுக்கும் செல்லாத பொருள் நுழைந்தது. பிளாஸ்டிக் அனைத்தும் ஒன்றே என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. பால் பாக்கெட் பாலிஎத்திலீன் என்னும் ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது. அதைக் கழுவி உலர்த்தினால் உருக்கி வேறொரு பொருள் செய்யலாம். பழைய பேப்பர்க் கடைக்காரர் அதை எடைக்கு வாங்கிக்கொள்வார். உள்ளே வெள்ளிபோல் மின்னும் வறுவல் பொட்டலமோ அப்படியன்று. அது பிளாஸ்டிக்கும் அலுமினியமும் படலம் படலமாக ஒட்டிய ஒன்று. அந்தப் படலங்களைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஆகவே காயலான் கடைக்காரரும் அதைக் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார். தின்பதற்கு ஐந்து நிமிடம். அந்த உறை மண்ணில் கிடப்பதோ பல தலைமுறை.

இரண்டாவது மாற்றம் நம் பழக்கத்தில் நேர்ந்தது. இதுவே இன்று நான் முக்கியமாகக் கூற வந்தது. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடக் கற்றுக்கொண்டோம்.

‘குண்டுமணி குப்பையில் கிடந்தாலும் நிறம் மாறாது’ என்பது பழமொழி. குண்டுமணிக்கு அது பொருந்தும், செய்தித்தாளுக்குப் பொருந்தாது. நேற்றைய செய்தித்தாள் தனியே இருக்கும்வரை அதற்கு ஒரு விலை உண்டு. அதன்மேல் பழைய ரசத்தைக் கொட்டிவிட்டால் அதே தாள் காசு பெறாது. ரசமும் சோறும் தனியே இருந்திருந்தால் எருவாகியிருக்கும். உடைந்த கண்ணாடித் தம்ளர் அதில் விழுந்துவிட்டால் அந்த எருவை எவரும் கையால் தொடமாட்டார். கண்ணாடியோ, தனியே இருந்திருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கி வார்க்கத்தக்க பொருள். ஆகத் தாள் குப்பையன்று; சோறு குப்பையன்று; கண்ணாடியும் குப்பையன்று. மூன்றையும் ஒன்றாகக் கலந்த அந்தக் கணத்தில்தான் குப்பை பிறக்கிறது. அது கடையில் பிறப்பதில்லை, தெருவில் பிறப்பதில்லை. நம் சமையலறை மூலையில், நம் கையாலேயே பிறக்கிறது.

பிறந்த பின் அது என்ன செய்கிறது? முடிச்சிட்ட பைக்குள் சோற்று மணம் இருப்பதால் மாடு பையோடு விழுங்குகிறது. பிளாஸ்டிக் அதன் வயிற்றில் செரிக்காமல் உருண்டு திரண்டு உயிருக்கே உலை வைக்கிறது. ஊருக்கு வெளியே மலைபோல் குவிந்த இடத்தில், காற்றுப் புகாத ஆழத்தில் ஈரக்கழிவு அழுகி மீத்தேன் என்னும் எரிவாயுவை உண்டாக்குகிறது. கோடையில் குப்பைமேடுகள் தீப்பற்றி நாள்கணக்கில் புகைவதற்கு இதுவும் ஒரு காரணம். சென்னையில் பெருங்குடி, கொடுங்கையூர் போன்ற இடங்களில் பல்லாண்டுக் குப்பையைத் தோண்டிச் சலித்து, மண்ணை வேறு, பிளாஸ்டிக்கை வேறு, கல்லை வேறு எனப் பிரிக்கும் வேலை பெரும் பொருட்செலவில் நடந்திருக்கிறது. அடுப்படியில் அரை நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலையை, எத்தனையோ ஆண்டுகள் கழித்து இயந்திரங்களைக் கொண்டு செய்கிறோம்.

எங்கள் தெருவில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். நாள்தோறும் குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளர் நடுவயதைக் கடந்த ஓர் அம்மையார். ஒருநாள் வலக்கையில் துணிக்கட்டோடு வந்தார்.

“என்ன ஆயிற்று அம்மா?” என்று கேட்டேன்.

“கண்ணாடி ஐயா. சோற்றோடு சேர்த்துப் பையில் கட்டிப் போட்டிருந்தார்கள். கையுறையையும் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.”

“எந்த வீட்டுப் பை?”

அவர் சிரித்தார். “அது எதற்கு ஐயா? கட்டிப் போட்ட பைக்கு முகம் உண்டா?” என்று கூறிவிட்டு, இடக்கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அன்று மாலை எதிர்வீட்டுத் தானிய வணிகர் திண்ணையில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அவர் நல்லவர், ஆனால் எதையும் கணக்குப் பார்த்தே பேசுபவர். “வாத்தியாரையா, ஊர் முழுவதும் கலந்து போடுகிறது. நான் ஒருவன் பிரித்துப் போட்டு என்ன ஆகப்போகிறது? வெட்டி வேலை” என்றார்.

“உங்கள் கடைக்கு வரும் துவரையில் கல் கலந்திருந்தால் வாங்கிக்கொள்வீர்களா?” என்று கேட்டேன்.

“எப்படி வாங்குவேன்? கல் பொறுக்குகிற கூலியை யார் கொடுப்பது?”

“நம் வீட்டுக் குப்பையில் கல் பொறுக்குகிற கூலியைத்தான் அந்த அம்மாள் தம் கையால் கொடுத்திருக்கிறார்.”

அவர் சற்று நேரம் பேசவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல்தான் கேட்டது: “கடுகு வேறு, சீரகம் வேறு, வெந்தயம் வேறு என்று அஞ்சறைப் பெட்டி வைத்துக் குடும்பம் நடத்துகிறவளுக்கு, குப்பையைப் பிரிக்க யாராவது கற்றுத்தர வேண்டுமா? வீட்டில் கூடை ஒன்றுதானே வாங்கிப் போட்டிருக்கிறீர்கள்!”

நேயர்களே, அந்த அம்மாள் கூறியதைவிடத் தெளிவாக என்னால் கூற இயலாது. குப்பைக்கும் ஓர் அஞ்சறைப் பெட்டி வேண்டும். 2016ஆம் ஆண்டு இந்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு விதிகள், மக்கும் கழிவு, மக்காத கழிவு, வீட்டில் உண்டாகும் அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுக்குமாறு ஒவ்வொரு வீட்டையும் பணித்தன. நம் வசதிக்காக அதனை ஐந்தாக விரித்துக்கொள்வோம்.

முதல் அறை ஈரத்திற்கு: காய்கறித் தோல், காப்பித் தூள் சக்கை, வாடிய பூ, மிஞ்சிய சோறு. இரண்டாம் அறை தாளுக்கும் அட்டைக்கும். இதில் ஒரு சொட்டு நீரும் படக்கூடாது. மூன்றாம் அறை கழுவி உலர்த்திய பிளாஸ்டிக், உலோகம், முழுப் பாட்டில்கள் ஆகியவற்றுக்கு. நான்காம் அறை துணிக்கும் தோலுக்கும். ஐந்தாம் அறை அபாயப் பொருள்களுக்கு: மின்கலம், மின்விளக்கு, காலாவதியான மருந்து, சவர அலகு, ஊசி, உடைந்த கண்ணாடி. கூர்மையானவற்றைத் தடித்த தாளில் சுற்றிக் கட்டி, மேலே ‘கண்ணாடி’ என்று பெரிய எழுத்தில் எழுதிவிட வேண்டும். மாதவிடாய் அணையாடைகளையும் குழந்தைகளின் அணையாடைகளையும் தனித்தனியே தாளில் சுற்றித் தர வேண்டும். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. சுற்றாமல் போடுவதற்குத்தான் வெட்கப்பட வேண்டும்.

முதல் அறையை வீட்டைவிட்டே அனுப்ப வேண்டியதில்லை. குயவரிடம் பக்கங்களில் துளையிட்ட மண்பானை ஒன்று வாங்குங்கள். அடியில் தேங்காய் நாரும் காய்ந்த சருகும் பரப்புங்கள். அன்றாடக் காய்கறிக் கழிவைப் போட்டு, அதன்மேல் ஒரு பிடி சருகு தூவுங்கள். தொடக்கத்தில் சிறிது சாணக் கரைசலோ புளித்த மோரோ தெளித்தால் நுண்ணுயிர்கள் விரைவில் வேலையைத் தொடங்கும். வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். நாற்றம் எழுந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள்; சருகைக் கூட்டுங்கள். மக்காமல் அப்படியே கிடந்தால் ஈரம் போதவில்லை. சிறிது நீர் தெளியுங்கள். பானை நிரம்பியதும் மூடி வைத்துவிட்டால், ஏறத்தாழ இரண்டு மாதத்தில் கருமையான எரு கிடைக்கும். முதல் மழை பட்ட மண்ணின் வாசனை அதற்கு உண்டு.

மற்ற அறைகளில் உள்ளவை எங்கே போகின்றன? மாணவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது. அலுமினியத்தைத் தாதுவிலிருந்து பிரித்தெடுக்க ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 சதவிகிதமே, பழைய அலுமினியத்தை உருக்க ஆகிறது. தாளை 5 முதல் 7 முறை வரை கூழாக்கி மீண்டும் தாளாக்கலாம். ஒவ்வொரு முறையும் அதன் இழை குட்டையாகிக்கொண்டே போகும். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். தாளுக்கு மரம்தான் வேண்டும் என்பதும் இல்லை. கரூர் மாவட்டத்துப் புகழூரில், 1979ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை, சர்க்கரை ஆலைகளில் சாறு பிழிந்தெடுத்த கரும்புச் சக்கையைக் கொண்டு தாள் செய்தே பெயர் பெற்றது. ஓர் ஆலையின் சக்கை மற்றோர் ஆலையின் மூலப்பொருளாகிறது.

எவரும் வாங்காத பிளாஸ்டிக்குக்கும் ஒரு வழி கண்டவர் நம் நாட்டிலேயே இருக்கிறார். மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராசகோபாலன் வாசுதேவன், சாலைக்குரிய சரளைக் கல்லைச் சூடாக்கி, அதன்மேல் பொடியாக நறுக்கிய கழிவுப் பிளாஸ்டிக்கைத் தூவினார். அது உருகிக் கல்லின்மேல் படலமாகப் படிந்தது. அதன்பின் தாரைக் கலந்தபோது கல்லும் தாரும் உறுதியாகப் பற்றிக்கொண்டன. இம்முறையில் பல ஊர்களில் சாலைகள் அமைக்கப்பட்டன. 2018ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. வறுவல் பொட்டலத்தைப் பார்த்து ஊரே முகம் சுளித்தபோது, ஒரு பேராசிரியர் அதில் ஒரு சாலையைக் கண்டார்.

ஆனால், எறிவதையெல்லாம் யாரோ எதுவோ ஆக்கிவிடுவார்கள் என்று நாம் நிம்மதியாக எறிந்துகொண்டிருக்கலாகாது. போகும் வழி இல்லாத பொருளுக்கு வரும் வழியை அடைப்பதே முதற்கடமை. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களில் 14 வகைகள் 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்னும் இயக்கம் தொடங்கியது. திருமண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சள் பையை எடுத்துச் செல்பவனைப் பட்டிக்காட்டான் என்று நகைத்த காலம் ஒன்று உண்டு. இன்று அரசே அந்தப் பையைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. நகைத்தவர்கள் இப்போது அதைப் பரணில் தேடுகிறார்கள்.

‘நாம் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்களே’ என்று சிலர் கேட்பார்கள். நேரும் இடங்களில் அது குறைதான். அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் பிரித்துக் கொடுத்தவருக்கே அதைக் கேட்கும் உரிமை உண்டு. மேலும், எருவான ஈரக்கழிவும் பழைய பேப்பர்க் கடைக்குச் சென்ற தாளும் அந்த வண்டியில் ஏறுவதே இல்லை. எஞ்சிய சிறிதளவுதான் வண்டிக்கு.

எதிர்வீட்டு வணிகர் அடுத்த வாரம் கூடைகள் வாங்கி வைத்தார். தெரு முழுவதும் ஒரே நாளில் திருந்திவிட்டது என்று கூறமாட்டேன். மூலையில் உள்ள காலி மனையில் இன்றும் இரவில் பைகள் பறந்து வந்து விழுகின்றன. ஆயினும் கண்ணாடியைத் தாளில் சுற்றி எழுதிக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளுக்குப் பரவியிருக்கிறது. அந்த அம்மையார் அத்தகைய கட்டுகளை வண்டியின் ஓரத்தில் தனியே அடுக்கிக்கொள்கிறார்.

மாணவ மாணவியரே, ஆராய்ச்சிக் கூடங்களில் நீங்கள் நாளைக்குப் பெரிய பெரிய காரியங்கள் செய்யவிருக்கிறீர்கள். படலங்களைப் பிரிக்கும் வழியையோ, மண்ணோடு மண்ணாகும் உறையையோ உங்களுள் ஒருவர் கண்டுபிடிக்கலாம். அதற்கு முன், இன்றே செய்யத்தக்க சிறு காரியங்கள் சில உள்ளன. பால் பாக்கெட்டின் முனையை முழுவதும் கத்தரிக்காதீர்கள். சிறிது ஒட்டியிருக்கும்படி விட்டால், அந்தத் துண்டு சாக்கடைக்கும் போகாது, காலிலும் ஒட்டாது. பாக்கெட்டோடு சேர்ந்து கடைக்குப் போகும். மை தீர்ந்த பேனாவை எறியாமல் உட்குழாயை மட்டும் மாற்றுங்கள். கடைக்குப் புறப்படும்போது ஒரு துணிப்பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலையில் குப்பை வண்டி வரும்போது, அம்மாவையோ பாட்டியையோ அனுப்பாமல், நீங்களே கூடைகளை எடுத்துச் சென்று வண்டிக்காரரின் கையில் கொடுங்கள். எது ஈரம், எது உலர்ந்தது, எதில் கண்ணாடி இருக்கிறது என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவருடைய பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.